தொட்டிக்குள் கூட்டுச் செபம்

ஜோஸ் படுத்த படுக்கையான நாள்முதல், அவன் உடலில் ஓர் அசைவைத் தவிர ஜெனிதா இறைவனிடம் வேறெதையும் இரந்ததில்லை. பங்குக் கோவில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசித்தவன் அவள் கணவன். பக்கவாதம் அவன் வலக்கையையும் வாக்கையும் ஒருங்கே கொண்டுபோயிற்று. கண்கள் எஞ்சின. அவையும் எதையும் நாடாது கூரையில் கிடந்தன.

அவற்றைக் கீழே இறக்கியது ஒரு பூச்சி. சன்னல் கம்பியில் வந்தமர்ந்த கும்பிடு பூச்சியை அவன் பார்வை தொடர்வதைக் கண்டவள், ஆர்.எஸ்.புரத்தில் அடுத்த தெருவில் பூச்சிகள் வளர்க்கும் நிலோஃபரிடம் ஓடினாள்.

"கும்பிடு பூச்சியிலயே வயலின் பூச்சின்னு ஒண்ணு, பாக்க ராசா மாதிரி இருக்குமுங்கக்கா. ஆனா சூடு கொறைஞ்சா செத்துப்போயிரும். பூப்பூச்சி அழகு, துளியூண்டு; படுத்துட்டுப் பாக்கறவருக்குத் தெரியாது. மொதல் தடவை வளக்கறவங்களுக்கு இந்தப் பெரிய பச்சைதானுங்க. நாம பண்ற தப்பையெல்லாம் பொறுத்துக்கும்."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணத் தவிர. பசியோட ஒரே எடத்துல உட்டுராதீங்க. ஒடம்பொறப்புன்னெல்லாம் அதுங்க பாக்காது."

நிலோஃபர் தந்த முட்டைக்கூட்டிலிருந்து எறும்பையொத்த குஞ்சுகள் நூலிழையில் தொங்கி இறங்கின. ஜெனிதா ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் கப்பில் வைத்து வலைத்துணியால் மூடினாள். தலைகீழாகத் தொங்கித் தோலுரிப்பதற்கென உள்ளே ஒரு குச்சியும் நட்டாள். அழுகிய வாழைப்பழமிட்ட பாட்டிலில் பழ ஈக்கள் பெருகின. பட்டுக்கடை வேலை முடிந்து வந்ததும் ஒரு கப்பைக் கணவனின் முகத்தெதிரே ஏந்தி, அதனுள் ஈயொன்றை விடுவாள். குஞ்சின் கூப்பிய கைகள் விரிந்து கவ்வும். அவ்வாறு ஓர் அந்தியில், ஈ பறந்த பக்கம் நோக்கி ஜோஸின் வலச் சுட்டுவிரல் நடுங்கி எழுந்தது.

"இந்த விரல விட்டுராதீங்க மேடம்," என்றார் பிசியோதெரபிஸ்ட். "தெனமும் இதே வேலைதான். இது வந்துருச்சுன்னா மத்ததும் பின்னாலயே வரும்."

சாம்பல் புதனன்று, நெற்றிச் சாம்பல் கலையாமல், கருமத்தம்பட்டியிலிருந்து வந்திறங்கினாள் ஜோஸின் அக்காள் விமலாராணி. தவக்காலம் முழுதும் தம்பிக்குப் பணிவிடை செய்வதாக அவளுக்கு ஒரு நேர்ச்சை. வலிய தோள்கள். குழந்தையைப்போல் அவனைத் தூக்கிக் குளிப்பாட்டினாள். பகலில் கடைக்குப் போயாக வேண்டிய ஜெனிதாவுக்கு வேறு ஆளில்லை.

தவக்காலத்து முதல் வெள்ளியன்று ஜெனிதா வீடு திரும்பியபோது சன்னலோரம் வெறுமையாயிருந்தது. ஈ பாட்டில் சாக்கடையில் கவிழ்ந்திருந்தது. கட்டிலுக்கு எதிரே, ஜோஸின் பழைய மீன்தொட்டிக்குள் குஞ்சுகள் யாவும் ஒன்றாய் விடப்பட்டிருந்தன. நடுவில் வெள்ளரித் துண்டுகள்.

"அண்ணி! என்னங்க பண்ணிப்போட்டீங்க?"

"ஏனம்மணி, நாமளே கறி திங்காத நாளு. கும்பிடற சீவனுக்கு உசுரோட ஈயப் புடிச்சுப் போடறே. பாவம் யாரு தலையில? கூடிச் செபிக்கட்டும்னு ஒண்ணா உட்டுப்போட்டேன்."

"அதுங்க ஒண்ணையொண்ணு தின்னுருங்க. கப்பெல்லாம் எங்கீங்க?"

"கோயில்ல சிலுவைப்பாதைக்கு வாரவங்களுக்கு நீர்மோர் ஊத்தக் கழுவிக் குடுத்துட்டேன்."

தொட்டியின் தரையில் கால்கள் சிதறிக் கிடந்தன. ஒரு குஞ்சு தன்னினும் சிறியதன் தலையைப் பொறுமையாக மென்றுகொண்டிருந்தது. இரையின் கைகள் அப்போதும் கூம்பியே இருந்தன. ஜோஸின் தலை தலையணைகளுக்கிடையே தொட்டியை நோக்கி இருத்தப்பட்டிருந்தது. திருப்பிக்கொள்ள அவனால் இயலாது. கண்ணீர் வழிந்து காதுமடலில் உப்பாய்க் காய்ந்திருந்தது.

"தம்பி நாள் முச்சூடும் கண்ண எடுக்கவே இல்ல பாரு," என்றாள் விமலாராணி பெருமிதத்தோடு.

ஜெனிதா தொட்டியைத் தூக்கப்போனாள்.

"வெய்யி. நான் செய்யறது புடிக்கலீன்னா சொல்லிப்போடு. கருமத்தம்பட்டிக்குப் பஸ் இருக்குது. நாளைக்கு யாரு இவனத் தூக்கிக் கழுவறதுன்னும் சொல்லிப்போடு."

ஜெனிதாவின் கைகள் தொட்டியை விட்டன. மறுநாள் கடைக்குப் புறப்படுமுன், பின்பக்கம் முழுதும் கடல் படம் ஒட்டிய அதைச் சுவரை நோக்கித் திருப்பினாள். மாலையில் அது மீண்டும் ஜோஸைப் பார்த்திருந்தது.

"கும்பிடறத யாராச்சும் செவுத்தப் பாத்து வெப்பாங்களா?"

நாளுக்கு நாள் தொட்டியில் எண்ணிக்கை சுருங்கிற்று, எஞ்சியவை தடித்தன. ஜோஸின் விரல் போர்வைமேல் செத்துக் கிடந்தது. பிசியோதெரபிஸ்ட் அதைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். தவக்காலம் முடிந்து உயிர்ப்பு ஞாயிறும் கழிந்தால் அண்ணி போய்விடுவாள். அதுவரை அந்த விரலில் உயிர் கொஞ்சம் ஒளிந்திருக்கட்டும் என்பதே ஜெனிதாவின் செபமாயிற்று.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தைய வெள்ளியில், வீடுதோறும் நடக்கும் கூட்டுச் செபத்துக்கு அவர்கள் வீட்டு முறை. தெருவின் அன்பியச் செபக்குழுப் பெண்கள் செபமாலையோடு வந்து கட்டிலைச் சுற்றி அமர்ந்தனர். தொட்டியில் ஒரே ஒரு பூச்சி, இலைபோல் பச்சையாய், கொழுத்து, கைகூப்பி நின்றது.

"இத்தினி நாளு ஈ இல்ல, எறும்பு இல்ல," என்று சாட்சியம் சொன்னாள் விமலாராணி. "வெறும் வெள்ளரிக்காயி. எப்புடி நிக்குது பாருங்க! ஒறுத்தல்னா இது ஒறுத்தல்."

"மத்ததெல்லாம் எங்கீங்க?" என்றாள் ரெபேக்கா, புதிதாய்க் குடிவந்தவள்.

"விசுவாசம் பத்தலீங்க. போயிருச்சு."

பெண்கள் மெல்லச் சிரித்தனர். அப்போது போர்வை அசைந்தது. ஜோஸின் வலச் சுட்டுவிரல் எழுந்தது, நடுங்கிற்று, நிமிர்ந்தது. தொட்டியை நோக்கியன்று, விமலாராணியின் முகத்தை நோக்கி. அவன் கண்களும் அங்கேயே நிலைத்திருந்தன.

தவக்காலத்தில் சொல்லலாகாது என்பதையும் மறந்து ஒருத்தி "அல்லேலூயா!" என்று அலறிவிட்டாள். ஜெனிதா எழுந்து நின்றாள்.

"அண்ணி, அவரு உங்களைக் காட்டறாருங்க."

"ஆமா அம்மணி, என்னையத்தான்!" விமலாராணி கட்டிலோரம் சரிந்து, அந்த விரலை இரு கைகளாலும் பொத்தி முத்தமிட்டாள். "எம்பட செபத்தால எந்திரிச்ச வெரலு. இனி உன்னிய உட்டுப்போட்டு எங்கீம் போகமாட்டேன் கண்ணு. ஊட்டப் பூட்டிச் சாவிய இங்கியே கொண்டாந்துருவேன்."

பெண்கள் பாடத் தொடங்கினர். விமலாராணியின் பிடிக்குள் விரல் வெடுக்கென ஒருமுறை இழுத்தது, இன்னொரு முறை இழுத்தது. "துடிக்குது பாருங்க!" என்று அவள் மேலும் இறுக்கினாள். ஜோஸ் கண்களை மூடிக்கொண்டான்.

"ஜெனிதா, எல்லாத்துக்கும் டீ வெய்யி," என்றாள் விமலாராணி. ஜெனிதா அடுப்படிக்குப் போனாள்.