சிமென்ட் அண்ணன் தூங்குறார்

அம்மா, மொதல்ல ஒண்ணு. டிக்கெட்டை ரத்து பண்ணிடாத. நீ வர்ற. நேத்து காலைல வரைக்கும் நீ வருவியா மாட்டியான்னு எனக்கே தெரியல, அதான் ஃபோனை எடுக்கல. காய்ச்சல் எல்லாம் இல்ல. வேலையும் போகல. கை ரெண்டும் சோப்பு, பாத்திரம் தேச்சுக்கிட்டே பேசுறேன், ஃபோன் அதுவா எழுதிக்கும். அக்கா, நீ இதை அம்மாவுக்கு சத்தமா படிச்சுக் காட்டு. மாமாவையும் பக்கத்துல உக்கார வை. அவர் கண்டிப்பா கேக்கணும்.

வீடுன்னு நான் பெருசா சொன்னேன்ல, அது ஒரு வீட்டோட பின்பாதி. தெரு முடியற எடம். ஒரு ரூம், ஒரு சமையக்கட்டு, ஆனா தனி வாசல். வாசப்படிக்குக் கீழ சரளைக் கல்லு கொட்டியிருக்கும், பூனை நடந்தாக்கூட ஆள் வர்ற மாதிரி கேக்கும். முன்பாதில ஒரு தையல்காரம்மா. அவங்களும் தனியாதான். நடுவுல ஒரே சுவரு.

வீட்டுக்காரம்மா அடுத்த தெரு. ஹெட்மிஸ்ட்ரஸா இருந்து ஓய்வானவங்க. சாவி குடுக்கும்போது "இது அமைதியான தெரு"ன்னாங்க. குழாயைத் திருகிக் காட்டும்போதும் சொன்னாங்க. கேட் பக்கத்துல போய்த் திரும்பி நின்னு இன்னொரு வாட்டி சொன்னாங்க. "நீ ஒருத்திதான் இருக்கணும். வேற ஆளைச் சேத்தா அன்னிக்கே காலி." எங்கம்மா மட்டும் வரலாமான்னு கேட்டேன். "மொதல்ல நீ எப்படி இருக்கேன்னு பாக்கறேன். அப்பறம் சொல்றேன்." அவங்க சொல்றதுக்குள்ள நம்ம மாமா டிக்கெட்டே போட்டுட்டார்.

டவுன்ல அத்தனை பொண்ணுங்களோட ஒரே ரூம்ல கெடந்தப்ப, ஒரு நாளாவது தனியா தூங்க மாட்டோமான்னு ஏங்கினவ நான். தனியா படுத்த மொத ராத்திரி ஃப்ரிட்ஜ் மோட்டாருக்கே எழுந்து உக்காந்துட்டேன். அது ஓடினதுக்கு இல்லம்மா, நின்னதுக்கு.

இதை மாமாகிட்ட சொன்னதுதான் தப்பு. மாமாவுக்கு பாதுகாப்பு விஷயத்துல நல்ல அனுபவம், வண்டிய ரெண்டு தடவை திருட்டுக் குடுத்தவர். "தனியா இருக்கேன்னு யாருக்கும் தெரியக் கூடாது. வாசல்ல ஆம்பளைங்க ஷூவா போட்டு வை. எவன் வந்து கேட்டாலும் அண்ணன் தூங்குறார்னு சொல்லு. யோசிக்காம சொல்லணும். யோசிச்சா கண்டுபிடிச்சுருவான்." பழகிக்கோன்னு வேற சொன்னார். பழகினேன். பல் தேய்க்கும்போது அண்ணன் தூங்குறார், தலை துவட்டும்போது அண்ணன் தூங்குறார்.

பழைய சாமான் கடைக்குப் போனேன். ஷூவை எல்லாம் ஒரு பெரிய பெட்டில கொட்டி வெச்சிருந்தாங்க. ஆம்பளை ஷூ வாங்குறதை யாராவது பாத்துடுவாங்களோன்னு வெக்கம். கைக்குக் கெடச்சதை அள்ளிட்டு ஓடி வந்தேன். சிமென்ட் காஞ்சு ஒட்டியிருந்த பூட்ஸ் ஒண்ணு, பளபளன்னு கறுப்புத் தோல் ஷூ ஒண்ணு.

அதோட விட்டிருந்தா நான் நம்ம வீட்டுப் பொண்ணே இல்ல. ஒரே எடத்துல கெடந்தா சந்தேகம் வரும்னு தினமும் எடத்தை மாத்தி வெச்சேன். மழை பேஞ்சா கொண்டுபோய் நனைச்சுட்டு வந்தேன். பேரும் வெச்சாச்சு. பூட்ஸ், சிமென்ட் அண்ணன். கறுப்பு ஷூ, ஆபீசர். காலைல லேப்புக்குக் கெளம்பும்போது தெருவுக்கே கேக்கற மாதிரி, "அண்ணா, கதவை சாத்திக்கோங்க! அடுப்பைப் பாத்துக்கோங்க!" பொய்னு தெரிஞ்சுடக் கூடாதுன்னு மரியாதையா வேற சொன்னேன்.

ரெண்டாவது வாரத்துல புதுசா ஒரு சத்தம். படுக்கப் போற நேரமாப் பாத்து சுவத்துக்கு அந்தப் பக்கம் கனமா எதையோ தரையில இழுக்கற மாதிரி. சர்ர்ர்ருன்னு. தெனமும். எவனோ சுவத்தை நோண்டறான்னே முடிவு பண்ணிட்டேன். மறுநாளே போய் இன்னொரு ஜோடி, ஓட்டக்காரங்க போடற ஷூ. இப்ப வீட்ல மூணு ஆம்பளைங்க.

அதுக்கப்பறம் தெருவே மாறிடுச்சு. எதிர்வீட்டுப் பெரியவர் நாயை நம்ம வாசல் பக்கம் விடாம இழுத்துக்கிட்டுப் போனார். "சாப்டியா"ன்னு கேக்கற தையல்காரம்மா, என்னைப் பாத்தா ஜன்னலைச் சாத்தினாங்க. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? மாமா யோசனை பலிச்சிடுச்சுன்னு நெனச்சேன். பெருமையா இருந்துச்சும்மா.

நேத்து லீவு. காலைல சரளைக் கல்லு சத்தம், கதவைத் தட்டறாங்க. தொறந்தா வீட்டுக்காரம்மா. பின்னாடி தையல்காரம்மா, கழுத்துல அளவு டேப்போட.

"உள்ள யார் யார் இருக்காங்க?"

யாரும் இல்லைங்கன்னு சொல்லணும். மூளை அதைத்தான் சொல்லுச்சு. ஆனா வாயை மாமா பழக்கி வெச்சிருந்தாரே.

"அண்ணன் தூங்குறார்."

"ஓ. அண்ணன்."

"ஐயோ, இல்ல. அண்ணன் இல்ல."

"இப்பதான தூங்குறார்னே?"

"தூங்கலைங்க."

"முழிச்சுட்டாரா?"

"எனக்கு அண்ணனே கிடையாதுங்க! அக்கா மட்டும்தான்!"

"அக்கா வேற உள்ள இருக்காங்களா?"

என்னைத் தள்ளிட்டு உள்ள வந்துட்டாங்க. கதவுக்குப் பின்னாடி பாத்தாங்க, கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாத்தாங்க. ஒரு தட்டு, ஒரு தலகாணி, ஒரு பிரஷ். அதைப் பாத்தாவது நம்புவாங்கன்னு நெனச்சேன். "ஆளுங்களை எங்க அனுப்பின?"

தையல்காரம்மா சொல்றாங்க, "தெனமும் பேசறாம்மா அவங்களோட. ஒரு நாள் 'நடுவழில படுத்துக் கெடக்கறியே, எருமை'ன்னு திட்டுனா. என் காதாலயே கேட்டேன்."

திட்டுனேன். ஓட்டக்காரர், அதான் அந்த மூணாவது ஜோடி, காலைத் தடுக்கி நான் விழப் பாத்தேன், கோவம் வந்துடுச்சு.

"நாளைக்கே காலி பண்ணு," வீட்டுக்காரம்மா சொல்லிட்டாங்க. "அம்மா வர்றாங்கன்னு கேட்டியே, அந்தப் பேச்சே இனிமே வேண்டாம்."

அழுதேம்மா. மூக்கு ஒழுக ஒழுக, சின்னப் புள்ளை மாதிரி. அழுதுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன். ஃப்ரிட்ஜ், சுவத்துச் சத்தம், மாமா, மாமாவோட வண்டி. அவங்க மூஞ்சில ஒரு மாத்தமும் இல்ல. இத்தனை வருஷம் எத்தனை புள்ளைங்க எத்தனை பொய் சொல்லியிருக்கும் அவங்ககிட்ட. சரின்னு வெளிய ஓடி மூணு ஜோடியையும் அள்ளிட்டு வந்து அவங்க காலடியில வெச்சேன். "இதாங்க அண்ணனுங்க. வேற யாருமில்ல."

சிமென்ட் அண்ணனை மட்டும் தூக்கினாங்க. கண்ணாடியை மூக்குல எறக்கி விட்டுட்டு, இதைப் பாத்தாங்க, அதைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க.

"உங்கண்ணனுக்கு ரெண்டுமே இடது காலா?"

பாத்தேன். ரெண்டும் இடதுகால் பூட்ஸ்தான். நாலு நாள் மழையில நனைச்சிருக்கேன், எடம் மாத்தியிருக்கேன், கண்ணுல படல. லேப்ல என் வேலை என்னன்னு உனக்குத் தெரியும்ல அம்மா? லென்ஸை ஃப்ரேம்ல மாட்டறதுக்கு முன்னாடி எது இடது கண்ணுக்கு, எது வலது கண்ணுக்குன்னு பாத்துப் பிரிக்கறது. அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

மொதல்ல சிரிச்சது தையல்காரம்மாதான். சிரிச்சு முடிச்சுட்டு என் முதுகுல ஒண்ணு வெச்சாங்க, நல்லா வலிச்சுது. "அடிப் பாவி! உங்கண்ணனுங்களுக்குப் பயந்து தெனமும் தையல் மெஷினை இழுத்துக் கதவுக்கு முட்டுக் குடுத்துட்டுத் தூங்கறேன்டி நான்!"

சர்ர்ருன்னு கேட்டது அதுதான். அவங்க எனக்குப் பயந்து இழுத்திருக்காங்க, நான் அந்த இழுப்புக்குப் பயந்து இன்னொரு அண்ணனை வாங்கியிருக்கேன். இன்னும் ஒரு மாசம் போயிருந்தா வாசல்ல ஒரு பட்டாளமே நின்னிருக்கும்.

வீட்டுக்காரம்மா சிரிக்கல. உக்காந்துட்டாங்க. எனக்கிருக்கறதே ஒரு நாற்காலி, அதனால நாங்க ரெண்டு பேரும் க்ளாஸ்ல நிக்கற மாதிரி நின்னோம்.

"பயமா இருந்தா சுவத்தைத் தட்டு. அவ வருவா. அவளுக்குப் பயமா இருந்தா அவ தட்டட்டும், நீ போ. இதுக்குப் போய் கடைக்கு அலைஞ்சியா?"

"சரிங்க."

"உங்கம்மா நெஜமான ஆள்தான?"

"நெஜம்தாங்க. ரொம்பவே நெஜம்."

"அப்ப வரட்டும். இவனுங்க மூணு பேரும் இன்னிக்கே காலி பண்ணணும்."

அவ்வளவுதாம்மா. கேட் பக்கத்துல போய் நின்னு, இது அமைதியான தெருன்னு இன்னொரு வாட்டி சொல்லிட்டுத்தான் போனாங்க.

சாயங்காலம் மூணு ஜோடியையும் பைல கட்டிட்டு இருந்தேன். சுவத்துல டொக் டொக்னு சத்தம். பதறிப் போய் ஓடினா தையல்காரம்மா அவங்க வாசல்லயே நிக்கறாங்க.

"கட்டிட்டியா? அந்தக் கறுப்பு ஷூவை மட்டும் எனக்குக் குடேன்."

"அக்கா! வீட்டுக்காரம்மா கொன்னுருவாங்க!"

"வாசல்ல வெக்க மாட்டேன்டி. கதவுக்கு உள்பக்கம்தான். அளவு குடுக்க எவன் எவனோ வர்றான்ல. ஆபீசரைப் பாத்தா கொஞ்சம் கௌரவமா இருக்கார்."

குடுத்துட்டேன். ஆனா ரெண்டு காலும் சரியா இருக்கான்னு ரெண்டு பேருமா சேந்து பாத்துட்டுத்தான் குடுத்தேன்.

மாமா, நீங்க நல்லா இருக்கணும். இனிமே எனக்கு யோசனை சொல்லணும்னு உங்களுக்குத் தோணினா அக்காகிட்ட சொல்லுங்க, அவ என்கிட்ட சொல்ல மாட்டா.

அம்மா, நீ கல்யாணத்துக்கு ஒண்ணு, கடைக்கு ஒண்ணு, குளிக்கப் போக ஒண்ணுன்னு செருப்பா மூட்டை கட்டிட்டு வராத. கால்ல போட்டிருக்கறதோட வா. உள்ள எத்தனை பேரோ, வாசல்ல அத்தனை ஜோடிதான் இருக்கும்னு வாக்குக் குடுத்திருக்கேன். ஒரு நாற்காலி மட்டும் வாங்கிடறேன்.