மறைத்து வைத்த வயிறு

எங்கள் ஏரிக்கரையில், வயிறு தானாகத் தெரியும்வரை கர்ப்பத்தை வெளியில் சொல்லக்கூடாது. சொன்னால் சூனியக்காரர் காதுக்குப் போய்விடும். நானோ சைக்கிள் டாக்ஸிக்காரன். ஆளை இறக்குவதற்குள் ஐந்து வீட்டுச் செய்தியை இறக்கிவிடுவேன். என் மனைவி முழுகாமல் இருப்பது தெரிந்ததும் மாமியார் முதலில் என்னைத்தான் மிரட்டினார்.

"மாப்ளே, இதையும் சைக்கிள்ல ஏத்திட்டுப் போயிடாதீங்க."

ஏற்றவில்லை. சுகாதாரப் பணியாளர் எலூபி வீடு வீடாக வந்தாள். "கர்ப்பிணி யாராச்சும் இருக்காங்களா? மலேரியா வராம இருக்க மாத்திரை தர்றோம்."

"இந்த வீட்டுல வயிறு பெருத்தவன் நான் ஒருத்தன்தான்" என்றேன். அவள் சிரித்தாள். நான் அவளைவிட அதிகமாகச் சிரித்தேன்.

ஏழாம் மாதம் என் மனைவி தியமீகேவுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் காலை, "நேத்துலேர்ந்து உள்ள அசைவே கம்மியா இருக்குய்யா" என்றாள். அவளைத் துணியால் என் முதுகோடு சேர்த்துக் கட்டி சைக்கிளை மிதித்தேன். முதுகில் அடுப்பு எரிவது போல் இருந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே வெளுத்துக் கிடந்தது.

"ரத்தத்தை மலேரியா தின்னுடுச்சு. நஞ்சுக்கொடியிலயும் கிருமி உக்காந்துக்கிச்சுன்னா பிள்ளைக்குச் சாப்பாடு எப்படிப் போகும்? தடுப்பு மாத்திரை எத்தனை தடவை சாப்பிட்டா?"

"சாப்பிடலை."

"ஏன்?"

ஊராலேயே அடக்க முடியாத என் வாயை நானே கையால் பொத்திக்கொண்டேன்.

மதியம் பெண் குழந்தை பிறந்தது. ஒன்றேகால் கிலோ. சந்தையில் அந்த எடை மீனை நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. பக்கத்துக் கட்டிலில் தியமீகேவுக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. அவளுக்கு நினைவில்லை.

"சட்டையைக் கழட்டு" என்றாள் நர்ஸ். குழந்தையை என் வெறும் மார்பில் வைத்துக் கட்டினாள். "உன் சூடுதான் இதுக்கு உசுரு. மூச்சு நின்னா உள்ளங்காலைச் சுண்டிக்கிட்டே என்னைக் கூப்பிடு."

என் தொப்பையால் ஒருவருக்குப் பயன் வந்தது அன்றுதான். மூச்சுக்கூட விடப் பயந்து உட்கார்ந்திருந்தேன். 'ஆண்டவரே, என்னை எடுத்துக்கொள்ளும். நிறையச் சதையாவது இருக்கிறது' என்று பேரம் பேசினேன்.

அப்போது அது நின்றது. மார்பில் ஒரு துடிப்பு இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. "நர்ஸம்மா!" என்று கத்திக்கொண்டே சுண்டினேன். இல்லை. மறுபடி சுண்டினேன். இல்லை. அழுதுகொண்டே ஓங்கிச் சுண்டினேன். பூனைக்குட்டி போல ஒரு கீச்சுச் சத்தம்.

பக்கத்துக் கட்டிலில் இருந்து அதைவிடச் சன்னமாக இன்னொரு குரல் வந்தது.

"பொறந்த பிள்ளையைப் போய் ஏன்யா அடிக்கிறே?"