கையில் கொடுக்கக் கூடாத பொருள்

செவ்வாய்

வகுப்பு ஆறு மணிக்கு. ஐந்தரைக்கே போய் வாசலில் நின்றேன். பிந்தினால் திரும்பிப் போய்விடுவேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

ஏன் சேர்ந்தேன் என்பதை எழுதி வைக்கிறேன். ஜெர்மனியின் ஹம் நகரில் இரண்டு வருடமாகக் கடைவாசலில் காவல் நிற்கிறேன். மாத முடிவோடு ஒப்பந்தம் தீர்கிறது. எங்கள் நிறுவனத்தில் நகைகளைச் சாதாரண உடையில், சாதாரணக் காரில் கொண்டுபோகும் பிரிவில் நிரந்தர வேலை ஒன்று இருக்கிறது. அதற்கு மேலங்கிக்குள் துப்பாக்கி வைத்திருக்க வேண்டும். அதை வைத்திருக்க இந்தப் பரீட்சை வேண்டும். அடுத்த வாரச் சனிக்கிழமை பரீட்சை. தவறினால் அந்த இடம் வேறொருவருக்கு.

ஆறு பேர். தெரிந்த முகம் சதீசன் அண்ணை மட்டும், இன்னொரு கிளையில் வேலை செய்பவர். பயிற்றுநர் ஹோல்ட்கம்ப் என்ற பெண், குரலை உயர்த்துவதே இல்லை. நான் இடக்கைக்காரி என்றதும், "நல்லது, இடக்கையால் சுடு" என்றார். அப்படி ஒருவர் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

வியாழன்

சுட்டது மோசமில்லை. பத்துக் குண்டில் ஏழு இலக்குத் தாளில் விழுந்தன. பிழை அதற்குப் பிறகு.

சுட்டு முடித்து, துப்பாக்கியை வெறுமையாக்கினேன். ஹோல்ட்கம்ப் பின்னாலிருந்து கையை நீட்டினார். நான் துப்பாக்கியை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றி, இடக்கையால் வலது முழங்கையைத் தொட்டபடி, அவர் பக்கம் திரும்பி நீட்டினேன். குழல் சதீசன் அண்ணையின் வயிற்றுக்கு நேரே கடந்து போனது. அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"தங்கச்சி, திருநீறு குடுக்கிற மாதிரியெல்லோ துவக்கைக் குடுக்கிறாய்!"

மற்றவர்களுக்கு விளங்கவில்லை. ஹோல்ட்கம்ப் சிரிக்கவில்லை. "கையில் கொடுக்கக் கூடாது. தோட்டா மகசினைக் கழற்று, அறையைத் திறந்து பார், மேசையில் வை, பின்னால் நகர். பரீட்சையில் இதைச் செய்தால் அந்த நிமிடமே வெளியே போகலாம்" என்றார்.

மறுபடி செய்யச் சொன்னார். மறுபடியும் கை மாறியது. மூன்றாவது தடவையும்.

ரயிலில் யோசித்தேன். ஒரு பொருளை இடக்கையால் நீட்டினால் சின்ன வயதில் அம்மா அந்தக் கையிலேயே தட்டுவார். யாராவது கை நீட்டினால் வலது கை தானாக எழும்புகிறது. சுடுவதையும் குறிபார்ப்பதையும் பயின்றுகொள்ளலாம். இருபத்தாறு வருடப் பழக்கத்தை ஒன்பது நாளில் மாற்ற முடியுமா? தெரியவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது தடவை என்று வைத்துக்கொள்கிறேன்.

ஞாயிறு

தொலைக்காட்சி ரிமோட்தான் துப்பாக்கி. அம்மா கேட்டதும் மேசையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனேன்.

"என்ன பிள்ளை, கையிலை தரேலாதோ? நாய்க்கு வைக்கிற மாதிரி வைக்கிறாய்!"

சொல்ல வேண்டி வந்தது. துவக்கு என்றதும் அம்மா அடுப்பை அணைத்தார்.

"துவக்கைக் கண்டு ஓடி வந்தனாங்கள். நீ காசு குடுத்துப் பழகப் போறியோ?"

"வேலைக்கம்மா. இல்லாட்டி மாசக் கடைசியிலை வீட்டிலைதான் இருப்பன்."

அம்மா சோற்றைப் போட்டு முன்னால் வைத்தார். சாப்பிடும்போது திடீரென்று கையை நீட்டி, "உப்பு" என்றார். என் வலது கை உப்புப் போத்தலுடன் பாதி தூரம் போய்விட்டது.

"பிழை" என்றார் அம்மா. "திரும்ப."

புதன்

இன்று நாற்பத்திரண்டு தடவை, ஆறு பிழை. நான் குளியலறையிலிருந்து வெளியே வந்ததும் அம்மா கை நீட்டுகிறார். தொலைபேசியில் பேசிக்கொண்டே நீட்டுகிறார். எனக்கு எரிச்சல் வருகிறது; அவருக்கு வருவதில்லை.

வெள்ளி

ஐம்பது தடவை, ஒரு பிழை. அந்த ஒன்று நாளைக்கு வராது என்று யார் சொல்வது? இன்னும் பத்துத் தடவை செய்துவிட்டுத்தான் படுப்பேன்.

சனி

எழுத்துப் பரீட்சை முடிந்தது. சுடுவதில் பத்தில் எட்டு. பரீட்சகர் கண்ணாடி போட்ட, அமைதியான மனிதர். "நன்றாகச் சுட்டீர்கள்" என்று சிரித்தபடி வலப்பக்கத்திலிருந்து கையை நீட்டினார்.

என் வலது கை எழும்பியது. எழும்பியதை நான் பார்த்தேன். அந்தரத்தில் வெறுங்கையாக நின்றது. துப்பாக்கி இடக்கையிலேயே, குழல் இலக்கைப் பார்த்தபடி இருந்தது. வலது கையை இறக்கி அதனாலேயே மகசினைக் கழற்றினேன். திறந்தேன், பார்த்தேன், மேசையில் வைத்தேன், இரண்டடி பின்னால் போனேன்.

அவர் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் அசையவில்லை.

அவர் கையை மடக்கிக் கோப்பில் ஏதோ எழுதினார். "இன்று நான்கு பேர் கையில் தந்தார்கள்" என்றார்.

வெளியே சதீசன் அண்ணை சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார். "நானும் கையிலை குடுத்திட்டன், தங்கச்சி. இனி உன்னைப் பார்த்துச் சிரிக்கேலாது."

வீட்டில் அம்மா கதவைத் திறந்தபடியே கையை நீட்டினார். நான் சான்றிதழைச் செருப்பு அலமாரியின் மேல் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தேன்.

"உந்தத் தாளையாவது கையிலை தா, பிள்ளை."

எடுத்துக் கொடுத்தேன். இடக்கை. அம்மா அந்தக் கையைப் பார்த்தார்; தட்டாமல் வாங்கிக்கொண்டார்.