முகம்: நான்கு நொடி

இசிட்ரோ கிஞோனெஸின் குரலுக்கு மணிக்குப் பதினெட்டு டாலர் என்று விலை வைத்திருந்தார்கள். முகத்துக்கு யாரும் விலை கேட்கவில்லை. கேட்பாரில்லாத சரக்கு கடைசிவரை அவரிடமே தங்கிவிட்டது. அந்த முகத்தைத்தான் பிராங்க்ஸில் ஒரு ஃபியூனரல் ஹோமின் முன்னறையில், சவப்பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அவருடைய மகள் நெரெய்தா தேடிக்கொண்டிருந்தாள்.

பெட்டிக்குள் படுத்திருந்தவர் கோதுமை மாவு நிறத்தில் இருந்தார். மூக்கு, நெற்றி, காது மடல் வரைக்கும் ஒரே சீரான பூச்சு. மார்பில் ஜெபமாலை சுற்றிக் கோத்துவைத்த இரண்டு கைகள் மட்டும் நல்ல கறுப்பாக, அப்பாவுடையவையாக இருந்தன.

"யாரு இது?" என்றாள்.

ஒப்பனை செய்த வில்ஃப்ரிதோ ஐம்பது வயதுக்காரர், தொழிலில் கர்வம் உள்ளவர். சட்டம் போட்ட ஒரு புகைப்படத்தைப் பெட்டியின் பக்கத்தில் தூக்கிப் பிடித்தார். "நீங்க குடுத்த படம்தான் மேடம். வச்சுப் பாருங்க. ஒரு இழை வித்தியாசம் இருந்தா சொல்லுங்க."

வித்தியாசம் இல்லை. அதுதான் கோளாறு. அந்தப் படத்தை அவளுக்குத் தெரியும். மன்ஹாட்டன் டப்பிங் ஸ்டுடியோவில் டிவி தொடர்களுக்கு அப்பா கொடுத்த குரலுக்குக் கடிதங்கள் குவிந்தபோது, ரசிகைகளுக்கு அனுப்ப எடுத்தது. எடுத்த கையோடு முகத்தை நாலு படி வெளுத்துத்தான் அச்சடித்தார்கள்.

"படம் நான் குடுக்கல" என்று திரும்பினாள்.

அப்பாவின் தங்கை ப்ரோவி அத்தைக்கு அந்த நிமிடத்தில் மலர் வளையத்தின் ரிப்பனைச் சரிசெய்யும் வேலை வந்துவிட்டது.

"அத்தை!"

"என்னடி கத்துற? எங்கண்ணன் நல்லாயிருக்குற ஒரே படம் அதுதான். நாலு மணிக்குக் கதவத் தொறந்தா அவன் ரசிகைங்க வருவாங்க. எல்லார் வீட்லயும் அந்தப் படம்தான் இருக்கு. வேற மாதிரி இருந்தா, ரூம் மாறி வந்துட்டோம்னு திரும்பிப் போயிடமாட்டாங்களா?"

முன்வரிசை நாற்காலியில் தொப்பி கழற்றாமல் உட்கார்ந்திருந்த அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள். எர்லீன் ஹார்லத்துக் கறுப்பினப் பெண். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்பவள்.

"நாப்பத்தொம்பது வருஷம் ஒரு கறுப்பனோட குடும்பம் நடத்துனேன் ப்ரோவி. இப்ப யாரோ ஒரு வெள்ளக்காரன நான் பொதைக்கணுமா? பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க, எனக்குன்னு ஒரு பேர் இருக்குல்ல?"

"நாங்க கறுப்பருங்க இல்ல அண்ணி. போர்த்தோ ரிக்கோ தீவுக்காரங்க."

"அப்படியா? அவன் காரை ஒவ்வொரு தடவ போலீஸ் நிறுத்துனப்பவும் உங்கண்ணன் அதத்தான் சொல்லிப் பாத்தான். அதுவும் அந்த அழகான குரல்ல. ஒருத்தன்கூட நம்பல."

அத்தை ரிப்பனை விட்டுவிட்டாள்.

அம்மா கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மடியில் வைத்தாள். அப்பாவின் நோட்டு. தலைமாட்டில் வைக்கக் கொண்டுவந்திருந்தாள். நெரெய்தாவுக்கு அது மனப்பாடம். தொடரின் பெயர், முகமா குரலா, எவ்வளவு நேரம், வசனம். முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகளில் 'குரல்' என்றிருக்கும். போலீஸ் அதிகாரி, கோடீஸ்வரன், இரண்டு பாதிரியார், பதினோரு வருடம் ஓடிய தொடரில் நீலக்கண் டாக்டர். ஒரே ஒரு வரியில் 'முகம்'. விருந்துக் காட்சியில் கதவைத் திறந்துவிடும் வேலைக்காரன். நேரம்: நான்கு நொடி. வசனம்: இல்லை.

சின்ன வயதில் அவள் டிவிக்கு ஒட்டி உட்கார்ந்து, டாக்டரின் முகத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு கேட்பாள். கண்ணாடியின் சூடு கையில் ஏறும். கைக்குப் பின்னால் அப்பா யாரையோ காதலித்துக்கொண்டிருப்பார். கையை எடுத்தால் அவர் போய்விடுவார். பள்ளியில் சொன்னபோது ஒருத்தியும் நம்பவில்லை. நேற்று மாலைச் செய்திக்காரர்களும் நம்பவில்லை போலிருக்கிறது. 'மறைந்தார்' என்று சொல்லி, அந்த டாக்டர் நடிகரின் படத்தையே காட்டினார்கள்.

மணி இரண்டே முக்கால்.

"துடைச்சிடுங்க" என்றாள் வில்ஃப்ரிதோவிடம்.

"துடைக்கலாம் மேடம். ஆனா இந்தக் கறுப்புக்கு என்கிட்ட பூச்சு கெடையாது. படத்தப் பாத்து வாங்கி வச்சதுதான் இருக்கு."

"என்கிட்ட இருக்கு."

மூன்றாவது அவென்யூவில் அவளுக்கு அழகுப்பொருள் கடை. இருபது வருடமாகக் கறுப்பிலும் மாநிறத்திலும் எண் போட்ட நாற்பத்தாறு சாயல் பவுடர் விற்கிறாள்; எண் ஏற ஏறக் கறுப்பு. வாசலில் காலடி வைக்கும் பெண்ணின் எண்ணைப் பார்த்த பார்வையில் சொல்லிவிடுவாள். இரண்டு எண் வெளுப்பாகக் கேட்டு அடம்பிடிப்பவர்களுக்கு, பேரம் பேசியாவது, அவரவர் எண்ணையே கட்டிக் கொடுத்தனுப்புவாள். காரிலிருந்து பவுடர்ப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தாள். அப்பாவின் எண் என்ன?

துடைத்து முடித்த முகத்தின் பக்கத்தில் ஒவ்வொரு டப்பாவாக வைத்துப் பார்த்தாள். மரணம் அதன்மேல் சாம்பலைத் தூவியிருந்தது. கைகளின் கறுப்பு முகத்துக்கு ஒத்துவரவில்லை; அந்தச் சாம்பலுக்கு அடியில் இருந்த நிறம் நினைவுக்கும் வரவில்லை. முப்பத்தெட்டா, நாற்பதா? ஊரார் எண்ணெல்லாம் தெரியும். அப்பாவுக்கு எண் பார்க்க ஒரு நாளும் அவளுக்குத் தோன்றவில்லை. புறங்கையில் இரண்டையும் குழைத்தாள். துடைத்தாள். மறுபடி குழைத்தாள்.

"நாப்பது கூட" என்று அம்மா முன்வரிசையிலிருந்து சொன்னாள். உடனே, "இல்ல... எனக்கும் தெரியலடி. வெளக்க அணைச்சப்புறம்தான் அவன நல்லாப் பாத்திருக்கேன்" என்றாள். சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

ப்ரோவி அத்தை வந்து பக்கத்தில் நின்றாள். டப்பாக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு விரலை நீட்டி ஒரு டப்பாவைத் தொட்டாள். நாற்பத்திரண்டு.

"நெத்திக்கு நாப்பது போதும். கன்னத்து மேட்டுக்கு இது. எங்க ஊரு லோயிசாவுல மத்தியான வெயில்ல நண்டு புடிக்கப் போவான். திரும்பி வந்தா கன்னம் ரெண்டும் பளபளன்னு இருக்கும். வெயில்ல போகாதடா, இன்னும் கறுத்துப் போவேன்னு எங்கம்மா அடிப்பா." குரல் இறங்கியது. "நான்தான் கோள் சொல்லுவேன்."

நெரெய்தா ஸ்பான்ஜை அத்தையிடம் கொடுத்தாள். அத்தை அண்ணனின் கன்னத்தில் மெதுவாக ஒற்றினாள். அடி விழுந்த இடத்தில் மருந்து போடுகிற மாதிரி இருந்தது.

நாலு மணிக்குக் கதவு திறந்தது.

பிள்ளைகள் தாங்கிப் பிடிக்க, ஊன்றுகோலோடு, ஞாயிற்றுக்கிழமைச் செருப்பு போட்டுக்கொண்டு கிழவிகள் வந்தார்கள். பாதிப்பேர் கையில் அந்தப் படம். வாசலில் நின்று எட்டிப் பார்த்த இரண்டு பேர் பேசாமல் பக்கத்து அறைக்குப் போனார்கள். அத்தை நெரெய்தாவைப் பார்த்தாள். சொன்னேனே என்று சொல்லவில்லை.

ஊதாச் சட்டை போட்ட ஒரு கிழவி மட்டும் நேராகப் பெட்டிக்கு வந்தாள். படத்தைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். மறுபடி படம்.

"டாக்டர் ரூம் எதும்மா?"

"இதுதான்மா. எங்கப்பா."

கிழவி கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு குனிந்தாள். மூலையில் காபி இயந்திரம் சீறிக்கொண்டிருந்தது.

"பதினோரு வருஷம் ஒரு எபிசோட் விடல" என்றாள் கடைசியில். "அந்த நீலக்கண்ணனோட வாய்க்கும் பேச்சுக்கும் ஒட்டவே ஒட்டாது. எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுவேன், இது வேற எவனோ பேசுறான்யா, கொஞ்சம் தடிச்ச உதடுன்னு. உனக்குப் பைத்தியம்பாரு." பெட்டி விளிம்பைத் தட்டினாள். "இந்த வாய்தான். இதுலேர்ந்துதான் வந்திருக்கணும்."

கையிலிருந்த படத்தைக் கைப்பையில் போட்டு மூடிவிட்டு, பக்கத்து அறை வாசலுக்குப் போய்த் தன் வயதுக்கு மீறிய குரலில் கூப்பிட்டாள். "ஏய், அங்க என்னடி பண்றீங்க? ஆளு இங்க இருக்காரு!"

அதற்கப்புறம் வரிசை வாசலைத் தாண்டியது. ஒவ்வொருத்தியும் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள். நெரெய்தாவும் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருமுறை, ஏன் என்று தெரியாமல், வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். நாற்பதும் நாற்பத்திரண்டும் ரேகைகளில் ஒட்டியிருந்தன.

ஒன்பது மணிக்கு வில்ஃப்ரிதோ விளக்குகளைக் குறைத்தார். அம்மா நோட்டை நீட்டினாள். "வச்சிடு."

நெரெய்தா வைக்கவில்லை. வருகைப் பதிவேட்டின் கையெழுத்துகளை எண்ணினாள். அங்கே கிடந்த பேனாவை எடுத்து, முந்நூற்றுப் பதின்மூன்று வரிகளுக்குக் கீழே, அப்பா எழுதும் வரிசையிலேயே எழுதினாள்.

முகம்.

நேரம்: ஐந்து மணி நேரம்.

பார்த்தவர்கள்: நூற்று நாற்பத்தொன்று.

வசனம்: இல்லை.