கல்லுக்குள் ஒருத்தன்

தொட்டியில் செத்து மிதந்த ஒன்பதாவது மீனைச் சின்னவன் வலைக்கரண்டியால் வாரி எடுத்துக்கொண்டிருந்தபோது, அப்பா கட்டிலிலிருந்து எச்சில் கோப்பையைத் தூக்கி எறிந்தார். இன்றோ நாளையோ என்று டாக்டர் கெடு வைத்துவிட்டுப் போன உடம்பு. ஆனாலும் குறி தப்பவில்லை. கோப்பை அவன் காதைக் கிழித்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதி உருண்டது.

"கொலகாரா," என்றார் அப்பா.

சின்னவனுக்குக் கறிக்கடையில் வெட்டுகிற வேலை. ஆடு மாடெல்லாம் அவனைப் பற்றி அப்படி நினைத்திருக்கலாம். வாய்விட்டுச் சொன்னது அப்பா ஒருவர்தான்.

அப்பா கல்குவாரியில் முப்பது வருஷம் பாறை உடைத்தவர். அவர் ஒருமுறை அறைந்ததில் ஒரு லாரி டிரைவர் நான்கு நாள் பின்பக்கமாகவே நடந்தார் என்று சொல்வார்கள். நம்ப வேண்டியதில்லை, மூன்று நாள்தான். பிள்ளைகள் பாஸானால் ஒரு அறை, ஃபெயிலானால் இரண்டு. மெச்சி ஒரு வார்த்தை கிடையாது. அப்படிப்பட்டவர் வேலையை விட்டு வந்ததும் ஆறடிக் கண்ணாடித் தொட்டி வாங்கி, உப்புத் தண்ணீர் கலந்து, கடல் மீன் வளர்த்தார். அவரிடம் அடி வாங்காமல் வளர்ந்த ஜீவன்கள் அவை மட்டும்தான். மீனுக்கு அறைய வாகான கன்னம் இல்லை என்பான் பெரியவன்.

படுக்கையில் விழுந்ததும் கட்டிலைத் தொட்டிக்கு எதிரே போடச் சொன்னார். மீனைப் பார்த்துக்கொள்வது சின்னவன் பொறுப்பாயிற்று. இரண்டே மாதத்தில் பன்னிரண்டு மீன் மூன்றாயிற்று. ரத்தக் கையைத் தொட்டிக்குள் விட்டு இவன்தான் கொல்கிறான் என்பது அப்பாவின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்போடு அவர் கண்ணை மூடக்கூடாது. சின்னவனுக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

காதிலிருந்து சொட்டியதைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தண்ணீரைச் சோதித்தான். சின்னக் குழாயில் ஐந்து மில்லி, மேலே எட்டுச் சொட்டு மருந்து. அம்மோனியா இல்லை. உப்பு அளவு சரி. சூடு சரி.

"தண்ணியில குறை இல்லண்ணா."

பெரியவன் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவன். எதையும் மேலிருந்து கீழே பார்த்துத்தான் பேசுவான். "தண்ணி நல்லாருந்தா மீன் ஏன்டா சாவுது? மனக்கஷ்டமா?"

"மண்டை உடைஞ்சிருக்கு பாரு. எல்லாத்துக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

"கரண்டியால நீ உடைச்சிருப்ப. உனக்குத்தான் வெட்டிப் பழக்கமாச்சே."

"போன வாரம் கொசு மருந்து அடிச்சது யாரு?"

"எங்க அடிச்சேன்? காட்டுடா."

காட்டுவதற்குள் அடி விழுந்தது. சின்னவன் அண்ணனின் வயிற்றில் தலையால் முட்டினான். பெரியவன் அவன் முடியைப் பிடித்து அலமாரியில் இரண்டு தடவை மோதினான். மூன்றாவது தடவை அலமாரிக் கதவு கழன்று வந்தது. உதடு கிழிந்தது ஒருவனுக்கு, பல் ஆடியது இன்னொருவனுக்கு.

"அடிச்சுக்கிறதுன்னா வெளிய போய் அடிச்சுக்கங்க," என்றாள் அண்ணி, மருந்து பாட்டில்களை மடியில் வாரிக்கொண்டு. "மாமா முழிச்சிருக்காரு."

மாமா முழித்துத்தான் இருந்தார். நாலு நாளாக இல்லாத களை அவர் முகத்தில் வந்திருந்தது. "ரெண்டு பேரும் கண்ண மூடிட்டு அடிக்கிறானுங்க," என்று முனகினார். "என் வயித்துல பொறந்துட்டு."

யார் வயிறு என்று திருத்தும் நிலையில் யாரும் இல்லை. பெரியவன் தம்பியின் கன்னத்தைத் தொட்டிக் கண்ணாடியோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மணலில் கிடந்த கடல் கல்லின் ஓட்டைக்குள், இரண்டு கண்கள் இருந்தன. காம்பு மேல் நின்ற கண்கள். ஒன்று சின்னவனைப் பார்த்தது, இன்னொன்று நீல மீனைப் பார்த்தது. மீன் ஓட்டையைக் கடந்தது. டக். சத்தம் கண்ணாடி வழியாக அவன் தாடையில் இறங்கியது. தலை நொறுங்கிய நீல மீன் சுழன்று சுழன்று மணலில் விழுந்தது.

"விடுண்ணா. கல்லுக்குள்ள ஒருத்தன் இருக்கான்."

சின்னவன் போன் போட்டான். வளர்ப்பு மீன் கடைக்காரர் கொட்டாவியை முடித்துவிட்டுக் கேட்டார். "அந்தக் கல்லு எப்ப வந்துச்சு?"

"மூணு மாசம். அப்பாவுக்கு நான்தான் ஆசையா வாங்கிக் கொடுத்தேன்."

"கடல்ல கிடந்த கல்லு. கூடவே வந்திருக்கு. குத்துற இறாலுப்பா அது, முன்கையால ஒரு குத்து விட்டா நண்டு ஓடே நொறுங்கும். கல்ல வாளியில எடுத்து, ஓட்டையில சோடா ஊத்து. மூச்சு முட்டி வெளிய வரும். விரல மட்டும் கிட்ட கொண்டுபோகாத."

கல்லைத் தூக்கியதே விரலால்தான். வலது ஆள்காட்டி விரல் நகம் இரண்டாகப் பிளந்து, உள்ளே வெள்ளையாக எலும்பு தெரிந்தது. சின்னவன் கத்தவில்லை. அந்த வீட்டில் அடிபட்டுக் கத்தினால் இன்னொன்று விழும், பழக்கம்.

பெரியவன் சோடாவை ஊற்றினான். இரண்டாவது பாட்டிலில் அது வெளியே விழுந்தது. கட்டைவிரல் நீளம்கூட இல்லை. தொட்டித் தண்ணீர் நிரப்பிய கண்ணாடி டம்ளரில் பிடித்தார்கள். ஒரே குத்தில் டம்ளரில் விரிசல் விழுந்தது. எவர்சில்வர் கிண்ணத்துக்கு மாற்றினார்கள்.

சின்னவன் கிண்ணத்தைக் கட்டிலருகே கொண்டுபோனான். "அப்பா, இதுதான் கொன்னது. நான் இல்ல." கொஞ்சம் நிறுத்தினான். "ஆனா வந்தது நான் வாங்கின கல்லுல."

அப்பா கிண்ணத்தைப் பார்த்தார். அந்த டம்ளரைக் கேட்டு வாங்கி, விரிசலைத் தடவிப் பார்த்தார். பிறகு மகனின் விரலைப் பிடித்து, பிளந்த நகத்தைக் கிட்டத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"நல்ல அடி," என்றார். வாழ்நாளில் அவர் ஒருவரை மெச்சியது அதுதான்.

"அப்பா, நான்..."

"பட்டினி போடாதடா அத."

அப்புறம் அவர் பேசவில்லை. மூச்சு ஒரு கால் மணி நேரம் நொண்டியது, நின்றது. விரலைப் பிடித்த பிடி நிற்கவில்லை. அண்ணிதான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாள்.

சாவை எழுதிக் கொடுக்க வந்த டாக்டர் கழன்ற கதவையும், சோடா பாட்டில்களையும், இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். "இங்க என்ன நடந்துச்சு?"

"மீன் செத்துப்போச்சு டாக்டர்," என்றாள் அண்ணி.

அவர் சாவின் காரணத்தை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அத்தை போன் செய்தாள். வீங்கிய உதட்டோடு பெரியவன் பேசினான். "ஆமாத்தை. அமைதியாத்தான் போனாரு... கடைசியாவா?" சமையலறைப் பக்கம் ஒரு தரம் பார்த்தான். "தம்பிய மெச்சினாரு. நல்ல பையன்னாரு... நிஜமாத்தான் அத்தை. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

சமையலறையில் சின்னவன் திரும்பவில்லை. கட்டுப்போட்ட விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பழக்கமில்லாத இடது கையால் ஒரு துண்டு கறியை நகக்கண் பருமனுக்கு நறுக்கினான். பெரிதாகத் தோன்றியது. இன்னொரு தரம் நறுக்கினான். கிண்ணத்துக்குள் மெதுவாக விட்டான். அது எடுக்கும்வரை அங்கேயே குனிந்து நின்றான்.