பப்ஸ் பெட்டிக்குள் ஒரு நத்தை

மேடும் மேடும் எப்படிச் சேரும்... செசிலி கையிலிருந்த பாதிக் கல்லைப் பார்த்தாள், மியூசியத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் கம்பித் தட்டின்மேல் சாய்த்து நிறுத்தியிருந்த மற்றப் பாதியைப் பார்த்தாள், அண்ணன் ஆன்ஸ்லின் சுத்தியலால் தட்டிப் பிளந்தபோது ஒரே கல்தானே, ஒரு பாதியில் கல்லாகிப்போன அந்தப் பழங்காலக் கடல்நத்தை புடைத்திருக்கும், மறு பாதியில் அது கிடந்த குழி இருக்கும், இட்லியும் தட்டுக்குழியும் போல, ஆனால் இங்கே இரண்டிலும் நத்தை புடைத்துக்கொண்டு நிற்கிறது, விளிம்பில் மூலை உடைந்த இடம்கூட அப்படியே ஒத்துப்போகிறது, பிறகு எப்படி... பெட்டிக்குக் கீழே ஓர் அட்டை, ‘கண்டெடுத்தவர்: பொன்னுலிங்கம்’, வெட்கங்கெட்ட அட்டை, அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் குழியில் லாரி ஓட்டி, தூசியைத் தின்று, இருமி இருமிச் செத்தவன் அவள் அண்ணன், ஒருமுறை சுற்றிப் பார்க்க அவன் லாரியில் ஏறிப் போய் மறு பாதியோடு திரும்பியவர் இந்த ஆள், பெயர் மட்டும் இந்த ஆளுக்கா?

“அண்ணனுக்க பேரு எங்க சார்?” என்று கேட்டதற்கு என்ன சிரிப்பு பொன்னுலிங்கத்துக்கு. “மக்கா, ரெண்டும் மேடு, பாத்தியா? ரெண்டு செரட்டையக் கவுத்தி வச்சா ஒரு தேங்கா ஆவுமா? இது வேற, உனக்க கல்லு வேற.” பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்தவர், ஓய்வு பெற்றபின் கருங்கல் சந்தைக்குப் பின்னால் சொந்த மாடியையே மியூசியமாக்கிவிட்டார், கழுத்தில் இன்னும் விசில் தொங்குகிறது, யார் கண்ணாடியில் கை வைத்தாலும் ஊதுகிறார், அவளுக்கும் ஊதினார், நாற்பத்தைந்து வயதில் வரிசை கலைத்த பிள்ளையைப் போல அவள் கையை இழுத்துக்கொண்டாள், ஏன் இழுத்தேன், எதற்கு இழுத்தேன்... ஆன்ஸ்லின் இந்தப் பாதியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, “ஏட்டி, இதக் கொளம்பு வையி, வேவ மட்டும் கொஞ்சம் நேரமாவும்” என்று சொல்லிச் சிரித்தான், அந்தச் சிரிப்புக்கு ஓர் அட்டை கிடையாதா, ஒரு வரி?

விரலில் இன்னும் சூடு இருந்தது. கண்ணாடி ஏன் இப்படிச் சுடுகிறது... அப்போதுதான் பெட்டியின் ஓரத்தில் பாதி கிழிந்த முட்டை பப்ஸ் படம் கண்ணில் பட்டது, மார்த்தாண்டத்தில் மூடிப்போன ஏதோ பேக்கரியின் பெட்டி, பப்ஸ் ஆறாமலிருக்க இதற்கு அடியில்தானே பல்பு வைப்பார்கள், அப்படியென்றால் வெளிச்சம் கீழேயிருந்து... வெளிச்சம் மேலேயிருந்து விழும் என்றே கண் பழகியிருக்கிறது, சூரியனும் அங்கே, டியூப்லைட்டும் அங்கே, மேல்பக்கம் பளிச்சென்றும் கீழ்ப்பக்கம் நிழலாகவும் இருந்தால் அது மேடு என்று கண் முடிவுகட்டிவிடும், குழிக்குக் கீழேயிருந்து வெளிச்சம் கொடுத்தாலும் அதன் மேல்விளிம்புதான் பளிச்சென்று தெரியும், கண் அதையும் மேடு என்றே சொல்லும். செசிலி போனில் டார்ச்சைப் போட்டுப் பெட்டியின் மேல்கண்ணாடிமீது அழுத்தி வைத்தாள். புடைத்து நின்ற நத்தை சட்டென்று கல்லுக்குள் இறங்கிக் குழியானது.

பொன்னுலிங்கம் விசிலை வாயில் வைத்தார், ஊதவில்லை. இவருக்குத் தெரியாதா, தன் கையால் எடுத்துத்தானே உள்ளே நிறுத்தியிருப்பார், விரல் குழியைத் தடவியிருக்காதா, தடவியும்தான் சிரட்டைக் கதை சொன்னாரா... டார்ச்சை அவள் எடுக்கவில்லை.

“பல்பு கீழ எரியுது சார், அதான் குழி மேடாட்டுத் தெரியுது. லைட்ட மேல மாத்துங்க, ரெண்டும் சேரும்.”