கயிற்றைப் பற்றிய அத்தியாயம்

“பக்கம் தாண்டாத” என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே.

அவள் தாண்டத்தான் பார்த்தாள். கட்டைவிரலைப் புத்தகத்தின் தாள்களுக்குள் விட்டு, கயிற்றைப் பற்றிய அத்தியாயம் எங்கே முடிகிறது என்று தடவிக்கொண்டிருந்தாள். சத்தமே போடவில்லை என்றுதான் நினைத்தாள். உடம்பில் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டிக்கொண்டிருக்க, காது மட்டும் அவருக்கு அப்படியே இருந்தது.

“தாண்டலப்பா. தாள் ஒட்டிக்கிட்டிருந்துச்சு.”

“ம்.”

அந்த ‘ம்’மில் நம்பிக்கை இல்லை. அவள் விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

செங்கல் கனத்துக்கு ஒரு நாவல். அதிலும் இது மூன்றாம் பாகம். ஒரு கேப்டன், ஒரு பேராசிரியர், பேராசிரியரின் அண்ணன் மகள், ஒரு கோவேறு கழுதை, நாலு பேரும் ஒரு மலைக்கு அடியில் இருக்கும் நாட்டைத் தேடிப் போகிறார்கள். அங்கே கண்ணில்லாத ஓர் அரசி ஆள்கிறாள். முதல் பாகம் முழுக்க மூட்டை கட்டினார்கள். இரண்டாம் பாகத்தில் மலைக்குள் நுழைந்தார்கள், பின்னாலேயே கல் கதவு விழுந்து மூடிக்கொண்டது. அன்றிலிருந்து உள்ளேயேதான் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். அண்ணன் மகள் அத்தியாயத்துக்கு ஒருமுறை மயங்கி விழுகிறாள். பேராசிரியர் கிடைத்த இடத்தில் எல்லாம் சொற்பொழிவு ஆற்றுகிறார். உருப்படியாக எதையாவது செய்வது அந்தக் கழுதை ஒன்றுதான்.

இப்போது கேப்டன் ஒரு பாதாளத்துக்கு மேலே கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தார். கயிறு அறுந்துகொண்டே வந்து, ஒரே ஒரு புரிதான் மிச்சம். சரியாக அந்த இடத்தில் ஆசிரியர் வாசகர் பக்கம் திரும்பி, ‘அன்பான வாசகரே, கேப்டன் தொங்கட்டும். அதற்குள் நாம் கயிற்றின் வரலாற்றைச் சணல் வயலிலிருந்தே சற்றுப் பார்த்துவிட்டு வருவோம்’ என்று எழுதியிருந்தார். அந்த ஆளின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது அவளுக்கு. ஒரு மனுஷன் தொங்கிக்கொண்டிருக்கிறான், இவருக்குச் சணல் வயல் கேட்கிறதா?

காலையில் டாக்டர் வந்துவிட்டுப் போனார். வாசலில் குனிந்து ஷூ மாட்டிக்கொண்டே, “இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு. சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க” என்றார். சொல்ல வேண்டியவன் ஒருவன்தான். வேறு ஊரில் இருக்கும் அண்ணனுக்குப் போன் செய்தாள். “கிளம்பறேன்” என்று ஒரே வார்த்தையில் வைத்துவிட்டான்.

அதனால்தான் அவளுக்கு அவசரம். அந்த நாலு பேரும் வெளியே வந்தார்களா இல்லையா என்று அப்பாவுக்குத் தெரிய வேண்டும். அது தெரியாமல் அவர் போய்விடக் கூடாது. மிச்சமிருக்கும் தாள்களையும் அவர் மூச்சையும் மாறி மாறிப் பார்த்தாள். கணக்கு இடித்தது.

இந்த அறைக்குள் அவள் வந்து மழைக்காலம் ஒன்று முழுசாகப் போய்விட்டது. பல் செட் செய்யும் கூடத்தில் வேலை அவளுக்கு. சம்பளமில்லாத விடுப்பை நீட்டிக்கொண்டே போனதில், முதலாளியே இப்போது போன் எடுப்பதில்லை. நாலாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர், சுவரில் ஒரு துருப்பிடித்த குழாய். கட்டில், மருந்து மேசை, ஒரு நாற்காலி, புத்தகம். குளிக்கப் போனால்கூடக் கதவைச் சாத்தாமல் குளித்தாள். மலைக்குள் மாட்டியவர்கள் அவர்கள் மட்டும் இல்லை என்று சில நாள் வாய்விட்டே சொல்லிக்கொள்வாள். அப்புறம், இப்படி நினைப்பதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வரும்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் கைபட்டவை. யாராவது நடுவில் மாட்டிக்கொண்டால் அவருக்குத்தான் ஆள் வரும். மற்ற மெக்கானிக்குகள் வந்ததும் பெட்டியைத் திறந்து ஸ்பானரை எடுப்பார்கள். இவர் உதவியாளை மேலே மோட்டார் அறைக்கு அனுப்பிவிட்டு, மாடிப்படி ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கதவு வழியாக உள்ளே இருப்பவரிடம் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார். இந்தக் கதைதான். எப்போதும் இதேதான்.

“சின்னக் கதைன்னா பாதியிலேயே தீர்ந்துடும். அப்புறம் உள்ள இருக்கறவன் சுவத்தப் பாக்க ஆரம்பிச்சுடுவான்” என்பார். “இது தீரவே தீராது. கயிறுன்னா கயிறு, விளக்குன்னா விளக்கு, எதை எடுத்தாலும் இழுத்துக்கிட்டே போகலாம்.”

அவருக்குச் சில சட்டங்கள் இருந்தன. எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால், ‘வந்துட்டே இருக்கு’ என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லக் கூடாது. வெளியே நடக்கும் எதையும் உள்ளே இருப்பவனிடம் சொல்லக் கூடாது. “அதை வச்சுக்கிட்டு அவன் அங்க என்ன பண்ணுவான்? ஓடக்கூட எடமில்ல.” எல்லாவற்றுக்கும் மேலே, கதையின் முடிவைத் தான் படிக்கவே கூடாது. அந்த நாலு பேர் தப்பித்தார்களா என்று யார் கேட்டாலும், “தெரியலையே, பாப்போம்” என்று மனசாரச் சொல்ல வேண்டும். தெரிந்துவிட்டால் குரலில் தெரிந்துவிடுமாம். மூன்றாம் பாகத்தை வாங்கி வைத்து, ஓய்வு பெற்ற பிறகும் பிரிக்காமலே வைத்திருந்தார். படுத்த பிறகுதான், கண்ணும் மங்கிய பிறகுதான், “படிச்சுடு பாப்பா” என்றார்.

வீட்டில் அவர் கதை சொன்னதே இல்லை. வரும்போது கையெல்லாம் கிரீஸ். சாப்பிட்டதும் தூங்கிவிடுவார். “லிஃப்ட்ல மாட்டுனாத்தான் அப்பா நம்மகிட்டப் பேசுவாரு” என்று அண்ணன் கிண்டல் செய்வான். கிண்டலோடு விடவில்லை. பத்து வயதில், இதே கட்டடத்து லிஃப்டில் ஏறி, இரண்டு மாடிக்கு நடுவில் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு, கதைக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்பா வந்தார், ஒரு நிமிஷத்தில் திறந்தார், முதுகில் ஒன்று வைத்தார். கதை ஒன்றும் சொல்லவில்லை. வளர்ந்த பிறகும் அண்ணன் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வான். ஆனால் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டான்.

“எவ்வளவு தூரம் இருக்கு?” என்றார் அப்பா.

ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு மூச்சு எடுக்க வேண்டியிருந்தது.

“வந்துட்டே இருக்குப்பா.”

அவர் உதடு ஓரமாக லேசாக இழுத்தது. சிரிப்புத்தான். அவர் சரக்கை அவருக்கே விற்கிறாளே.

அவளால் பொறுக்க முடியவில்லை. “அப்பா, கடைசிப் பக்கத்தை மட்டும் படிச்சுடறேனே. வெளிய வந்தாங்களான்னு தெரிஞ்சுக்கலாம். அப்புறம் கயித்துக்குத் திரும்பி வந்துக்கலாம்.”

“நீ பாத்துட்டியா?”

“இல்ல.”

“பாக்காத.” கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் வந்தது. “தெரியாமப் படி. எனக்கு அதுதான் வேணும்.”

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவருக்கு முடிவு வேண்டாம். இத்தனை வருஷம் கதவுக்கு வெளியே உட்கார்ந்து எத்தனையோ பேருக்குச் செய்ததை, இப்போது உள்ளே இருந்துகொண்டு கேட்கிறார். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுச் சணல் வயலுக்குத் திரும்பினாள்.

சணலை எப்படி ஊறவைப்பது, எப்படி அடிப்பது, எப்படிப் புரி பிரித்து முறுக்குவது. அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். எந்தப் புரியை எந்தப் பக்கம் முறுக்கினால் இறுகும் என்ற இடம் வந்தபோது அவர் விரல் போர்வைமேல் மெல்ல வட்டம் போட்டது. பிறகு தார். ‘தார் பூசிய கயிறு தண்ணீரைத் தாங்கும், ஆனால் எளிதில் வளைந்து கொடுக்காது’ என்று படித்தாள். அப்பாவுக்கு அடுத்த மூச்சு வரவில்லை. முன்பும் இப்படி நின்று நின்று வந்திருக்கிறது. அந்த வாக்கியத்தை இன்னொரு முறை படித்தாள். நிமிர்ந்து பார்த்தாள். விரல் வட்டத்தின் பாதியில் நின்றிருந்தது.

அவள் எழவில்லை, அழவும் இல்லை. பின்மதியம். எதிர்ச் சுவரில் வெயில் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கோ குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம். அப்பாவின் கையைப் போர்வைக்குள் எடுத்து வைத்தாள். இனி இந்த அறையைவிட்டுப் போகலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததே பாவம் போல இருந்தது.

அப்போது லிஃப்டின் அபாய மணி அடித்தது. விடாமல் அடித்தது.

வெளியே ஓடினாள். பழைய கம்பிக் கதவு போட்ட லிஃப்ட் அது. நாலாம் மாடிக்கு ஏறி வந்து, பாதி வழியில் நின்றுவிட்டிருந்தது. தரை மட்டத்தில் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் ஒரு வழுக்கைத் தலையும், கம்பியை இறுகப் பிடித்த விரல்களும் தெரிந்தன.

“பாப்பா! நீயா பாப்பா?”

“நாந்தாண்ணா.”

“என்ன கருமம் பிடிச்ச லிஃப்ட் இது! நிக்குது, எறங்கவும் மாட்டேங்குது. மூச்சு முட்டுது எனக்கு.”

கீழே எட்டிப் பார்த்து வாட்ச்மேனைக் கூப்பிட்டாள். கம்பெனிக்குச் சொல்லியாயிற்று, ஆள் வந்துகொண்டிருக்கிறான் என்று அவன் கத்தினான். அவள் கம்பிக் கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இப்போது அண்ணன் முகம் நேராகத் தெரிந்தது. வியர்த்து, வெளிறிப்போய் இருந்தது.

“அப்பா எப்படி இருக்கார்?”

வாயைத் திறந்தாள். ஒரு சொல் போதும். ஆனால் அதைச் சொன்னால், அந்தப் பெட்டிக்குள் அவன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? ஓடக்கூட இடமில்லை.

கையில் புத்தகம் இருந்தது. படித்த இடத்தில் விரலை வைத்தபடியே ஓடி வந்திருக்கிறாள்.

“கதை படிச்சுட்டிருந்தேன்ணா” என்றாள். பொய் இல்லை.

“எது, அந்த மலைக் கதையா?” அவன் சிரிக்கப் பார்த்தான். “இன்னுமா அவனுங்க வெளிய வரல? நான் அரை டவுசர் போட்ட காலத்துல மாட்டுனவனுங்க.” சிரிப்பு பாதியில் இருமலாகி, இருமல் திணறலாயிற்று. கம்பியைப் பிடித்து உலுக்கினான். “தெறக்கச் சொல்லு பாப்பா. என்னால முடியல. தெறக்கச் சொல்லு!”

“வந்துட்டே இருக்குண்ணா. கதை படிக்கட்டுமா?”

“எனக்கு எதுக்குக் கதை? ஒரு நாளாவது எனக்குன்னு சொல்லியிருக்காரா அந்த மனுஷன்?”

“இப்ப நீ லிஃப்ட்ல இருக்கியே.”

அவன் அவளையே பார்த்தான். கம்பியை உலுக்குவதை நிறுத்தினான். அவள் புத்தகத்தைப் பிரித்தாள்.

தெரிந்துவிட்டால் குரலில் தெரிந்துவிடும். அவளுக்கு இப்போது தெரியும். முதல் வரியிலேயே குரல் நடுங்கப் பார்த்தது. தாரைப் பற்றிய வரிகளை நன்றாகப் பிடித்துக்கொண்டாள். எந்த மரத்தின் தார், எத்தனை முறை கொதிக்க வேண்டும், மாலுமிகளில் யார் யார் அதை ஒப்புக்கொள்ளவில்லை. வறண்ட, வளவள என்ற, முடிவே இல்லாத வாக்கியங்கள். எங்கே தேடினாலும் அழுவதற்கு ஓர் இடம் கிடையாது. எத்தனை நாள் அந்த ஆசிரியரைத் திட்டியிருக்கிறாள்! இப்போது அவர் காலில் விழலாம் போல இருந்தது.

“கயித்துக்கே இவ்வளவா?” என்றான் அண்ணன். மூச்சு கொஞ்சம் நிதானப்பட்டிருந்தது.

“இன்னும் நெறைய இருக்கு.”

“அந்த ஆளு தொங்கிட்டிருக்கானே.”

“தொங்கட்டும்னு எழுதியிருக்கான்.”

அவன் நிஜமாகவே சிரித்தான். லிஃப்டின் தரையில் தன் பயணப் பெட்டியைப் போட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான் போல, தலை சற்றுத் தாழ்ந்தது. கண் மட்டும் தெரிந்தது. அவள் படித்துக்கொண்டே போனாள். கீழே யாரோ இரும்புப் பெட்டியை இறக்கி வைக்கும் சத்தம். ஒருவன் அவளைத் தாண்டி மொட்டை மாடிப் பக்கம் ஏறிப் போனான்.

“பாப்பா.”

“ம்.”

“நீ இங்க வந்து உக்காந்து ரொம்ப நேரமாச்சு.”

அவள் அடுத்த வரியைப் படிக்க ஆரம்பித்தாள்.

“அப்பா தனியாவா இருக்கார்?”

வரியைத் தேடினாள். எழுத்துகள் எல்லாம் ஒன்றாகத் தெரிந்தன. விரல் தாளில் ஓர் இடத்தில் போய் நின்றது. அது சரியான இடமா என்று அவளுக்குத் தெரியவில்லை. எதிரே கம்பியில் இருந்த விரல்கள் மெல்ல விலகின. தலையும் மறைந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அவள் காத்திருந்தாள். அவளால் செய்யக்கூடியது வேறு எதுவும் இல்லை.

வெகு நேரம் கழித்து விரல்கள் திரும்ப வந்து கம்பியைப் பிடித்தன.

“அந்தக் கேப்டன்...” என்றான். குரல் கரகரத்திருந்தது. “இன்னும் தொங்கிட்டுத்தான் இருக்காரா?”

“ஆமாண்ணா.”

“அப்புறம்?”

அவள் பக்கத்தைத் திருப்பினாள். படித்தாள். மேலே மோட்டார் அறையில் யாரோ சக்கரத்தைக் கையால் சுற்ற ஆரம்பித்தார்கள். லிஃப்ட் ஒருமுறை குலுங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்தது. அண்ணனின் நெற்றி தெரிந்தது, பிறகு நனைந்த முகம், சட்டை, மடியில் கிடந்த ஒரு கை, கீழே பெட்டி. கூண்டு தரைக்குச் சமமாக வந்து நின்றது.

கதவைத் திறக்க இரண்டு பேருமே கை நீட்டவில்லை. அந்தப் பத்தியில் இன்னும் சில வரிகள் இருந்தன.